தோல்முட்டையும் உதிரும் சுவரும்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்ததும் அண்ணன் மகள் ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கினாள். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஆனாலும் தாத்தா வீட்டைச் சரிசெய்து குடியேறியதிலிருந்து அவளுக்கு இங்கே வர நேரமே கிடைப்பதில்லை. ஒரு கையில் தவிடு நிரப்பிய டப்பா, அதற்குள் ஒரு தோல்முட்டை. இன்னொரு கையில் துணியில் முடிந்த சுவர்ப்பூச்சுச் சில்லுகள்.

"அத்தை, சுவரு உதிருது. கோழி தோல்முட்டை போடுது. எதை மொதல்ல பாக்க?"

திண்ணையில் உட்காரச் சொல்லி டீ போட்டு எடுத்து வந்தேன். தான் கொண்டுவந்தது இரண்டு கேள்வி என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒன்றுதான். அதை அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் இரண்டு முறை டீ போட வேண்டியதாயிற்று. பழைய வீடும் நாலு கோழியும் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் சுண்ணாம்பு என்றால் என்ன என்று பார்ப்போம். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதேதான். பூமியில் கிடைக்கிற சுண்ணாம்புக்கல்லுக்கு வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். அதைக் காளவாசலில் போட்டு 900 டிகிரி வரை சுட்டால், உள்ளே கட்டுண்டு கிடக்கிற கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் கையில் மிஞ்சுவது 56 கிலோதான். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடுகிறது. மிஞ்சிய கட்டியைத் தண்ணீரில் போட்டால் கொதித்து, பொங்கி, நீறும். அதுதான் நீற்றுச் சுண்ணாம்பு. அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. சூளையில் விட்ட மூச்சைச் சுவரில் ஏறிய பிறகு மாதக்கணக்கில் இழுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் அப்படியில்லை. அது தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிற பொருள். சுண்ணாம்போ காற்றோடு சேர்ந்து இறுகுவது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் அவள் கொண்டுவந்த சில்லுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அவள் தாத்தா வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இந்தக் காலத்து வீடு மாதிரி அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கிற பட்டை அதில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறினால், திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் ஈரத்தை மேலே இழுக்கும். அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏறுகிற ஈரம் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியாக வெயிலிலும் காற்றிலும் வெளியேறிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். சுவருக்கு உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி.

மூன்று வருஷம் முன்பு அந்தச் சுவரில் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசினார்கள். பார்க்க வழுவழுவென்று இருந்தது. ஆனால் வெளியே போகிற வழி அடைபட்டது. ஈரம் நிற்குமா? இடுப்பு உயரத்தில் நின்றது தோள் உயரத்துக்கு ஏறியது. அது ஏறும்போது மண்ணில் இருக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு போகும். கோடையில் தண்ணீர் காய்ந்து, பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, படிகமாகிப் பருக்கும். அந்த அழுத்தத்தில் பூச்சு பொரிந்து பாளம் பாளமாகக் கழன்று விழும். கூடவே மென்மையான பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். அவள் துணியில் முடிந்து வந்த சில்லைத் திருப்பிக் காட்டினேன். சிமென்ட்டின் முதுகில் செங்கல் சிவப்பு ஒட்டியிருந்தது, அதன் மேல் வெள்ளையாக உப்பு.

சிமென்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. புதுவீடு கட்ட அது வேண்டும். சிமென்ட் ஆலையால் பிழைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. பழைய சுவரின் பழக்கத்துக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். என் வீட்டிலும் கிணற்றடிச் சுவரில் இதே தவறு நடந்தது. பூசிய இரண்டாம் வருஷம் அந்தச் சுவரை ஒட்டி வைத்திருந்த நெல்லுக்குதிர் அடிப்பக்கம் உளுத்துப்போனது. அதன் பிறகுதான் ஒரு பழைய கொத்தனாரைத் தேடிப் பிடித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அவர் சொன்ன வரிசை இது. சிமென்ட்டைப் பெயர்த்து எடு. உடனே பூசாதே. ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விடு. பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக்கொண்டே இரு. கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் ஊறப்போடு. எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெயாகும். இடித்த கடுக்காயையும் கருப்பட்டியையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரில் சாந்து குழை. கடுக்காயின் துவர்ப்பும் கருப்பட்டியின் இனிப்பும் சாந்தைக் கரண்டிக்கு இணங்க வைக்கும், விரிசல் விடாமல் பிடிக்கும். ஒரே தடவையில் கனமாக அப்பாமல் மெல்லிசாகப் பல பூச்சு பூசு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நாள் விடு. ஆடிக்காற்றில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். அடைமழையில் பூசினால் பிடிக்காது. தை, மாசிதான் தோது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார். நீற்றும்போது சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகும். குழந்தைகளும் கோழிகளும் பக்கத்தில் வரவே கூடாது.

இந்த அறிவு எங்கோ நூலகத்தில் இருப்பதில்லை. என் திண்ணையிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் தெரியும். பதினொரு நிலை, 192 அடி. கீழே கல் கட்டுமானம். அதற்கு மேலே வானம் வரை செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மதுரையில் 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் வழுவழுப்பான சுதை வேலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிப் பூச்சிலும் அதே முட்டை உண்டு.

"அப்ப சுவருக்கும் கோழி வேணுமா?" என்று கேட்டாள் மருமகள்.

வேண்டும், தாயி. கோழிக்கும் சுண்ணாம்பு வேண்டும். இனி டப்பாவுக்கு வருவோம்.

முட்டை ஓடு என்பது 100 பங்கில் சுமார் 95 பங்கு கால்சியம் கார்பனேட். பந்தல்குடியில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் என் வீட்டுக் காரையும் எந்தப் பொருளோ அதேதான். கோழியின் வயிற்றுக்குள் ஒரு முட்டைக்கு ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. பெரும்பாலும் இரவில்தான், நாம் தூங்கும்போது அந்தக் கொத்து வேலை நடக்கிறது. தீனியில் வந்த கால்சியம் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் ஓடில்லாமல், தோலோடு முட்டை விழும்.

ஓடு கட்டக் கால்சியம் மட்டும் போதாது, கார்பனேட்டும் வேண்டும். அதைக் கோழி தன் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயுவிலிருந்து எடுக்கிறது. கோழிக்கு வியர்க்காது. கத்திரி வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையை அகட்டி, மூச்சு வாங்கி வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓடு மெலிகிறது. சித்திரையில் தோல்முட்டை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சூளையில் வாயுவை இழந்த சுண்ணாம்பு எப்படிக் கல்லாக இல்லையோ, இரைக்கிற கோழியின் முட்டையும் அப்படியே.

ஆகவே அவளுக்குச் சொன்ன மருந்து எளிது. கோழிக்கு நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீரும் நாள் முழுக்க இருக்கட்டும். பகல் உச்சியில் தீனி போடாமல் விடிகாலையிலும் சாயங்காலமும் போடு. கிளிஞ்சல் தூளையோ, நன்றாகக் காய்ந்து வறுத்து நொறுக்கிய முட்டை ஓட்டையோ தனிச் சட்டியில் வை. தீனியில் கலக்காதே. எவ்வளவு வேண்டும் என்று முட்டையிடுகிற கோழிக்குத் தெரியும். குஞ்சுகளுக்கு அது அதிகமானால் சிறுநீரகம் கெடும். புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழி முதல் ஒன்றிரண்டைத் தோலாகப் போடுவதும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடை வைக்கிற முட்டையையும் யோசித்துப் பார். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். 21 நாள் அடையில் குஞ்சு அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. முட்டையின் எடையில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு ஈரமாக அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. குஞ்சின் எலும்புக்கு வேண்டிய கால்சியமும் ஓட்டிலிருந்தே கரைந்து போகும். பொரிக்கிற நாளில் ஓடு மெலிந்திருப்பது அதனால்தான். அழுக்காக இருக்கிறது என்று முட்டையைத் தேய்த்துக் கழுவி அடை வைத்தால் அதன் இயற்கையான பூச்சு போய்விடும். துளை வழியே கிருமி உள்ளே இறங்கும். வாழ்கிற சுவருக்கும் வாழ்கிற முட்டைக்கும் விதி ஒன்றே: அது மூச்சு விடட்டும்.

இதையே கோழிக் கூண்டுக்கும் சொன்னேன். மரநாய்க்கும் கீரிக்கும் பயந்து அவள் வீட்டுக்காரர் தொழுவத்தின் ஒரு மூலையைத் தகரத்தால் நான்கு பக்கமும் அடைத்திருக்கிறார். மலையடிவாரத்து ஊரில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரவு முழுக்க எச்சத்தின் நெடி உள்ளேயே சுற்றினால் கோழிக்குச் சளி பிடிக்கும், கண் ஒழுகும். மேல்பாதிக்கு நெருக்கமான கம்பி வலை, கீழ்பாதிக்குச் சுவர், ஏறி உட்கார மூங்கில் பரண், இவ்வளவு போதும். குஞ்சோடு இருக்கிற தாயைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கலாம். சுவருக்கு வருஷம் இரண்டு முறை சுண்ணாம்பு அடி. அதன் காரம் இடுக்கில் ஒளிகிற செள்ளையும் பேனையும் கிருமியையும் கொல்லும். காய்ந்த பிறகு கோழியை விடு.

சுண்ணாம்பாலும் காற்றாலும் தீராத ஒன்று உண்டு. அது வெள்ளைக்கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் கண்ட நோய். நம் நாட்டில் இமயமலைப் பக்கத்து ஊரான ராணிகேத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு வருஷம் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டேன். மாசியில் ஐந்தே நாளில் பதினான்கு கோழிகளைக் குழி வெட்டிப் புதைத்தேன். கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிய பெட்டை ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும். வாசலுக்கே வருகிற அந்த ஊசியை யாரும் தவற விடாதீர்கள்.

இரண்டாவது டீ ஆறிக்கொண்டிருந்தது. "இவ்வளவு பாடுபட்டு அந்த வீட்டுல இருக்கணுமான்னு சில நாள் தோணுது அத்தை" என்றாள்.

அவள் ஊரிலேயே பதில் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டைக் கலைக்காகக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். ஆள் புழங்குவதால் அது வீடாகவே நிற்கிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை, ஈரம் போவதில்லை, உத்திரத்தில் கரையான் ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை. பழைய வீட்டைக் காப்பாற்றுவது பெரிய செலவு என்று நினைக்கிறோம். காலையில் கதவைத் திறக்கிற ஒரு ஆள், முற்றத்தில் கிளறித் திரிகிற நாலு கோழி, மூலைக்கு ஒரு வருஷம் என்று பொறுமையாகப் பூசுகிற ஒரு கை, அங்கேதான் அது தொடங்குகிறது.

புறப்படும்போது கிளிஞ்சல் தூள் ஒரு பொட்டலமும், போன தையில் நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு பானையும் கொடுத்தேன். சிமென்ட்டை இந்த வாரமே பெயர்க்கலாம். பூசுவது அடுத்த தையில்தான். அதுவரை பானையில் சுண்ணாம்புக்கு மேலே நாலு விரல் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இப்போதே காற்றுப்பட்டால் பானைக்குள்ளேயே கல்லாகிவிடும். அந்த மூச்சை அது அவள் சுவரில் ஏறிய பிறகு இழுக்கட்டும்.