மென்பொருள் வாங்குமுன் மூன்று கேள்விகள்

நமக்குச் சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகள் பல, 1972-ல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில்தான் கணக்கு வைத்துள்ளன. அந்த ஒரே மென்பொருளில் இணையப் பக்கம் அமைக்கப் பல வழிகள் உண்டு. பி.எஸ்.பி. முறையில் பக்கத்தை விருப்பம்போல் எழுதலாம், வேலை அதிகம். வெப் டைன்ப்ரோவில் தயாராக உள்ள உறுப்புகளை அடுக்கினால் போதும். தோற்றத்தை மாற்ற இடம் குறைவு. பின்னர் வந்த யூ.ஐ.5 செல்போன் திரைக்கும் பொருந்தும்.

புதியது வந்தால் பழையதன் கதி என்ன? மைக்ரோசாப்ட் 2007-ல் கொண்டுவந்த சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரில் ஆதரவு நின்றுவிட்டது.

ஆகவே பில் போடும் மென்பொருள் வாங்கும் வணிகப் பெருமக்கள் மூன்றைக் கேட்க வேண்டுகிறோம். பழுதானால் யார் பார்ப்பார்? எத்தனை ஆண்டுகளுக்கு? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் நம் பற்று வரவு முழுவதும் கைக்கு வருமா? எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்போம்.