பரிசுக்கு ஒரு வண்ணப் பானை

சுட்ட மண்பானையின் சுவர் முழுக்க நுண்துளைகள். தண்ணீரைக் குளிர வைப்பது அவைதான். பூசிய வண்ணத்தை உறிஞ்சி மங்கச் செய்வதும் அவையே. அதனால் வண்ணம் தீட்டிப் பரிசளிக்கும் பானைக்குப் பாதி வேலை தூரிகையைத் தொடும் முன்பே நடக்கிறது.

முதலில் பானையை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஓசை அடைத்தாற்போல் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. தேர்ந்த பானையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஓரிரு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் பின்னாளில் உப்புப் பூத்து வண்ணம் உரியும். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் வண்ணம், ஒரே தடிப்பாக இல்லாமல் மெல்லிய இரண்டு பூச்சாக.

வடிவங்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். பொங்கல் பானையின் சுண்ணாம்பு, காவிப் பட்டைகளும், திருமணப் பந்தலின் அரசாணிப் பானைக் கோலங்களும் செம்மண் நிறத்தோடு அழகாகப் பொருந்துபவை. கழுத்தில் புள்ளிகள், வயிற்றில் கோலம், இடையே மண்ணின் நிறம் தெரிய வெற்றிடம்: இதுவே கண்ணுக்கு நிறைவு.

கடைசியாக வார்னிஷ். செடி வைப்பதற்கான தொட்டியென்றால் உட்புறத்திலும் வார்னிஷ் பூச வேண்டும்; அடியிலுள்ள துளையை அடைக்கக் கூடாது. இப்படி வண்ணம் பூசிய பானை சமைக்கவோ குடிநீர் வைக்கவோ உகந்ததல்ல. பரிசு கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.