ரப்பர்த் தவளையும் விரால் மீனும்

தூண்டில் என்றதும் மூங்கிற்கழியும் மண்புழுவுமே நம் நினைவுக்கு வரும். இன்றோ ஆரல்வாய்மொழிக் குளக்கரைகளில் ரீல் பூட்டிய கழியும் ரப்பர்த் தவளையுமாக இளைஞர் நிற்கக் காண்கிறோம். மேனாட்டார் பாஸ் என்னும் நன்னீர் மீனுக்காக ஆக்கிய இக்கருவிகள் இங்கே விராலுக்கு உதவுகின்றன.

கருவியைத் தெரிந்தெடுப்பதில் விவேகம் வேண்டும். விரால், தாமரையும் பாசியும் அடர்ந்த இடத்தில் வாழ்வது; இரையைக் கவ்வியதும் கொடிகளுக்குள் புகுந்துவிடும். ஆகவே 6½ முதல் 7 அடி நீளமுள்ள, எளிதில் வளையாத கழியும் பின்னல் நரம்பும் ஏற்றவை. ரப்பர்த் தவளையின் இரு முட்களும் முதுகோடு ஒட்டியிருப்பதால் கொடியில் சிக்குவதில்லை. மீன் கடித்து உடல் அமுங்கும்போதே அவை வெளிப்படும். எனவே கவ்விய கணமே இழுக்காது, சற்றுப் பொறுத்து இழுக்க வேண்டும்.

நம் கணவாய்க் காற்றையும் எண்ணுதல் நன்று. உருளை சுழலும் ரீலைக்கொண்டு எதிர்காற்றில் வீசினால் நரம்பு சிடுக்காகும். உருளை சுழலாத ஸ்பின்னிங் ரீலே புதியவர்க்குத் தகும்.

இறுதியாக ஒன்று. மழைக்காலத்தில் விராலின் செந்நிறக் குஞ்சுகள் நீர்மேல் கூட்டமாய்த் தோன்றும். அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். அங்கே தவளையை வீசினால், பசிக்காக அன்று, குஞ்சுகளைக் காக்கவே அது பாய்ந்து கடிக்கும். எளிதான வேட்டைதான், ஆயினும் காவலிழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். பெற்றோரே, அக்கூட்டத்தைக் கண்டால் நரம்பைச் சுற்றிக்கொண்டு அப்பாற் செல்லுமாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.