ஓர் எழுத்தின் உயரம்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1982இல் வெளியிட்ட ‘ஸாமி’ என்ற தன்வரலாற்றைப் புரட்டினால், முதலில் அச்சுப்பிழை என்றே தோன்றும். அமெரிக்காவின் பெயர் சிறிய ‘ஏ’யில் தொடங்குகிறது. அடுத்து வரும்போதும் அப்படியே. ஆனால் கறுப்பினத்தைக் குறிக்கும் ‘பிளாக்’ என்ற சொல்லுக்கோ பெரிய ‘பி’. இத்தனை முறை ஒரே இடத்தில் எந்த அச்சகமும் தவறாது!

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. ஆங்கிலத்தில் ஊர், நாடு ஆகியவற்றின் பெயர்களைப் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். ‘அவன்’ என்பதை ‘அவர்’ ஆக்க நமக்கு ஒரு மெய்யெழுத்து போதும் அல்லவா? அங்கே எழுத்தின் உயரம் அந்த வேலையைச் செய்கிறது. வாய்விட்டுப் படித்தால் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கண்ணுக்கு மட்டும் மரியாதை கூடும், குறையும்.

இந்த உத்தியை வெகுகாலம் கையாண்டவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்தார்கள். ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் எல்லோருக்கும் பெரிய எழுத்து போட்ட பத்திரிகைகள், ‘நீக்ரோ’ என்ற அன்றைய பெயரை மட்டும் சிறிய ‘என்’னில் அச்சிட்டன. சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் போன்றோர் இதை எதிர்த்துப் பல்லாண்டுகள் வாதாடினார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ 1930 மார்ச்சில்தான் வழிக்கு வந்தது. அச்சில் கூடிய உயரம் என்னவோ மிகச் சிறிதுதான்!

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, கரீபியத் தீவுகளிலிருந்து நியூயார்க்கில் குடியேறியவர்களின் மகளாகப் பிறந்தவர் லார்ட். நான்கு வயதிலேயே தன் பெயரின் கடைசி ‘ஒய்’ எழுத்தை நீக்கிவிட்டார். அதன் வால் கோட்டுக்குக் கீழே தொங்கியது பிடிக்கவில்லையாம். எழுத்துகளைப் படங்களாகப் பார்க்கும் கண் அது. ‘என் பெயருக்கு ஒரு புதிய எழுத்துக்கூட்டல்’ என்பதே நூலின் துணைத்தலைப்பு.

அந்த நூலில் ஒரு காட்சி: எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் குடும்பத்தோடு வாஷிங்டன் போகிறார். தெற்கே போகும் ரயிலின் உணவுப்பெட்டியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. அதை மகளிடம் சொல்ல மனமில்லாத தாய், அங்கே விலை அதிகம் என்று சொல்லி வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டி வருகிறார். தலைநகரில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்கிறார்கள். வாங்கிக்கொண்டு போகலாம், இங்கே சாப்பிடக் கூடாது என்கிறார் பரிமாறும் பெண். ஏன் என்று மகள் கேட்கக் கேட்க, வீட்டார் வாய் திறக்கவில்லை. ஜனாதிபதிக்குத் தானே கடிதம் எழுதுகிறாள் அந்தச் சிறுமி. இதை விவரிக்கும் இடத்திலும் ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்குச் சிறிய எழுத்துதான்.

அறியாமல் செய்த பிழையல்ல இது. லார்ட் நூலகராக வேலை பார்த்தவர், கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். மாணவர் தாளில் எந்த இடத்தில் சிவப்பு மை விழும் என்பது அவருக்கு அத்துப்படி. பத்திரிகைகள் ஒரு மக்களிடமிருந்து பறித்துவைத்திருந்த உயரத்தை, அவர் அந்த நாட்டின் பெயரிலிருந்தே கழித்துக்காட்டினார்.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020 ஜூனில் ‘பிளாக்’ சொல்லுக்குப் பெரிய ‘பி’யை விதியாக்கியது. ‘வெள்ளை’ சிறிய எழுத்திலேயே தொடரும் என்று மறுமாதம் அறிவித்தது. இந்த இரண்டையும் லார்ட் 38 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் செய்துவிட்டார். நாட்டின் பெயருக்கு மட்டும் இன்னும் பெரிய ‘ஏ’தான்.