உள்ளம் சமுகமளிக்கட்டும்



பரீட்சையில் சித்தியடைந்தால் மகிழ்ச்சி வரும் என மாணவன் எண்ணுகின்றான். வெளிநாட்டில் தொழில் கிடைத்தால் வரும் என இளைஞன் எண்ணுகின்றான். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டால் நிம்மதி என்று பெற்றோர் எண்ணுகின்றனர். இவையனைத்தும் நாளைய தினத்திற்குரியவை. நமக்கு அருளப்பட்ட இன்றைய தினமோ கவனிப்பாரின்றிக் கழிந்து விடுகின்றது.

ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்களான மெத்யூ கில்லிங்ஸ்வேர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் செய்த ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியானது. 2,250 பேரிடம், எதிர்பாராத வேளைகளில், கையடக்கத் தொலைபேசி மூலம் வினாக்கள் தொடுக்கப்பட்டன. இப்போது என்ன செய்கின்றீர்கள்? அதைத் தவிர வேறொன்றை நினைக்கின்றீர்களா? எந்தளவு மகிழ்ச்சியாக இருக்கின்றீர்கள்? பதில்களில் 46.9 சதவீதமானவை, உள்ளம் வேறெங்கோ சென்றிருந்ததைக் காட்டின. அவ்வேளைகளில் மக்களின் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிய விடயத்தை எண்ணிக்கொண்டிருந்தோர்கூட, செய்யும் காரியத்தில் மனம் ஒன்றியிருந்தோரை விட அதிகம் மகிழ்ந்திருக்கவில்லை.

இவ்வுண்மை நம் முன்னோர் அறியாததன்று. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' எனும் நூலில் தொழுகைக்கு உயிரூட்டும் அகப்பண்புகள் ஆறினை விளக்குகின்றார்கள். அவற்றுள் முதலாவது 'ஹுழூருல் கல்ப்', அதாவது உள்ளம் சமுகமளித்தல். உடல் ஸப்பில் நிற்க, உள்ளம் கடைத்தெருவில் நின்றால் அது சமுகமளித்தலாகாது.

உள்ளம் அலைவதற்கு இமாமவர்கள் இரு காரணங்களைக் காட்டுகின்றார்கள். ஒன்று புறக்காரணம்: கண்ணும் காதும் கொண்டுவந்து சேர்ப்பவை. பார்வையைத் தாழ்த்துவதும், சுவருக்கு அண்மையில் நின்று தொழுவதும் இதற்குப் பரிகாரம். மற்றையது அகக்காரணம்: உள்ளே கிளைவிட்டுப் பரவும் உலகக் கவலைகள். தக்பீர் கட்டுமுன் உள்ளத்தை ஏனைய அலுவல்களிலிருந்து விடுவித்துக்கொள்வதும், ஓதுவதன் பொருளில் அதனை ஈடுபடுத்துவதும் இதற்கு மருந்தாகும். அப்போதும் அடங்காவிடின், கவலைக்கு வேரான ஆசையையே களைய வேண்டும்.

தொழுகைக்குக் கூறப்பட்ட இவ்வைத்தியம் வாழ்வு முழுவதற்கும் பொருந்தும். இன்று நமது புறக்காரணங்களில் பெரியது கையிலுள்ள தொலைபேசி. பாடம் படிக்கும் பிள்ளை அதனை அடுத்த அறையில் வைக்கட்டும். உணவுண்ணும் வேளையில் பெற்றோரும் அதனைத் தூர வைக்கட்டும். தந்தை தொலைபேசியைப் பார்த்தவாறு மகனுக்கு உபதேசம் செய்தால் மகன் எதனைக் கற்றுக்கொள்வான்?

அகக்காரணத்திற்கு வருவோம். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவி பெறுபேற்றை எண்ணி நடுங்குகின்றாள். பெறுபேறு அவள் கையில் இல்லை. முன்னே விரிந்திருக்கும் பக்கம் மட்டுமே அவள் கையில் உள்ளது. அப்பக்கத்தில் உள்ளத்தை நிறுத்துவதே அவளது கடமை. உள்ளம் ஓடினால் கடிந்துகொள்ளாமல், பொறுமையுடன் மீட்டுக்கொண்டு வரட்டும். நூறு முறை ஓடினாலும் நூறு முறை மீட்பதே பயிற்சியாகும்.

அப்படியாயின் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாதா? நிச்சயமாகத் திட்டமிட வேண்டும். திட்டமிடுதல் இன்று செய்யவேண்டிய ஒரு வேலை, அதற்கு முடிவுண்டு. வீண்கவலைக்கோ முடிவில்லை. நம்மால் இயன்றதைச் செய்துவிட்டு, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். அவ்வாறே, செய்த தவற்றுக்காகத் தௌபாச் செய்து திருந்துதல் வேறு, கடந்ததையே நினைந்து நினைந்து உருகுதல் வேறு. எனினும் உறக்கமும் உணவும் கெடும் அளவுக்குத் துயரம் நீடிக்குமாயின், அதனை ஈமானின் குறைவெனப் பழிக்காது வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.

வுழூச் செய்யும்போது நீரின் குளிர்ச்சியை உணருங்கள். உண்ணும்போது ஒரு கவளத்தையேனும் சுவையறிந்து உண்டு நன்றி செலுத்துங்கள். கவனியாத அருளுக்கு எவரும் நன்றி கூற இயலாது. உம்மா பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளை பாடசாலைக் கதையைச் சொல்ல வரும்போது கையிலுள்ள வேலையைச் சற்று நிறுத்துங்கள். கேட்க ஆளில்லை என்று கண்ட பிள்ளை, பிறகு தன் துன்பத்தையும் சொல்லாது போய்விடும்.

தொழுகையிலும் இல்லத்திலும் உள்ளத்தோடு சமுகமளிக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.