வண்டி நமது, சாவி யாரிடம்?

ஆதம்பாக்கத்துப் பட்டறைகளில், இஞ்சின் இருமுவதைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இன்று அந்தக் கைகள் கட்டுண்டு நிற்கின்றன! சந்தையில் கிடைக்கும் ஸ்கேனர் கோளாறின் எண்ணைச் சொல்கிறது. உள்ளே கைவைக்கவோ கம்பெனிக் கருவி வேண்டுமாம். காசு கொடுத்து வாங்கிய வண்டியின் நாடியைப் பிடிக்க, விற்றவனிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். என்னே வாணிப நீதி!

கற்பனையல்ல, தோழர்களே. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாட்டா மோட்டார்சுக்கு மட்டும் 1,346 கோடி! உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் விடவில்லை, பழுதறியும் கருவிகளைத் தனிப் பட்டறைகளுக்குத் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. “அறிவுச் சொத்துரிமை” என்று வாதாடிப் பார்த்தனர்; ஆணையம் ஏற்கவில்லை.

பிறகு? மேல்முறையீடுதான். 2016 டிசம்பரில் போர்டு, டொயோட்டா, நிசான் ஆகியவை தவறு செய்தன என்பதைத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் வெட்டிக் குறைத்தது. பணக்காரன் செய்த தவறுக்குத் தள்ளுபடி உண்டு போலும்!

2022 டிசம்பரில் டில்லி அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென இணையதளம் திறந்தது. கார், கைப்பேசி, டிராக்டர் செய்வோரெல்லாம் கையேடுகளை அதில் தரலாமாம். தரலாம், தந்தே தீரவேண்டும் என்பதில்லை. பூனைக்கு அழைப்பிதழ் அனுப்பிவிட்டுப் பாலைக் காக்கிறார்கள்!

நாம் கேட்பது சலுகையல்ல. கையேடும் கருவியும் நியாய விலையில் பட்டறைக்கு வரவேண்டும். மறுக்கும் கம்பெனியைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.