1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் சி. டி. தேஷ்முக்: வலதுசாரி வேட்பாளரின் கொள்கை நிலைப்பாடுகள் – நாஞ்சில் நாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை வேட்பாளராக ஆதரித்தன. இதனால் அவர் 'வலதுசாரி வேட்பாளர்' என்று வகைப்படுத்தப்படுகிறார். பொருளாதாரம், மாநில மறுசீரமைப்பு, பொதுவாழ்வுத் தூய்மை ஆகிய மூன்று துறைகளில் அவர் முன்னரே மேற்கொண்டிருந்த நிலைப்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவரை ஆதரித்த கட்சிகளின் கொள்கை வேறு, அவருடைய கொள்கை வேறு என்பதும், அவர் பேண முனைந்தது ஆட்சிநெறியின் மரபையே என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தேஷ்முக், சுதந்திராக் கட்சி, ஜனசங்கம், நாட்டுடைமை, மொழிவாரி மாநிலம், இரண்டாம் விருப்ப வாக்கு, வட்டக்கோட்டை.

முன்னுரை

இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். வேட்பாளர்கள் கொள்கை அறிக்கை வெளியிட்டு வாக்குக் கோரும் மரபும் இத்தேர்தலில் வேரூன்றவில்லை. எனவே ஒரு வேட்பாளரின் கொள்கையை அறிய, அவரை முன்மொழிந்த கட்சிகளைப் பார்த்து முடிவு செய்வது வழக்கமாயிற்று. இவ்வழக்கம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சோதிக்க 1969ஆம் ஆண்டுத் தேர்தல் தக்க சான்றாகும்.

தேர்தலின் பின்புலம்

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் மறைந்தார். காங்கிரசுத் தலைமை நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. பிரதமர் இந்திரா காந்திக்கு இத்தேர்வில் உடன்பாடில்லை. சூலை 16இல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது. சூலை 19இல் 14 வங்கிகள் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மறுநாள் வி. வி. கிரி குடியரசுத் துணைத் தலைவர் பதவியைத் துறந்து, தனி வேட்பாளராகக் களமிறங்கினார். தி.மு.க.வும் இடதுசாரிக் கட்சிகளும் அவரை ஆதரித்தன.

வட்டக்கோட்டை அமைந்துள்ள அகத்தீசுவரம் வட்டம் அன்று நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் இருந்தது. நேசமணியின் மறைவுக்குப் பின் 1969 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில் வென்று அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் காமராசர். ரெட்டியை முன்னிறுத்திய காங்கிரசுத் தலைவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே, காங்கிரசை இரண்டாகப் பிளந்த இத்தேர்தலின் ஒரு முனை நாஞ்சில் நாட்டுத் தொகுதியோடு தொடர்புடையதாகிறது.

ஆதரித்த கட்சிகளின் நிலைப்பாடுகள்

சுதந்திராக் கட்சியை இராசாசியும் அவருடைய தோழர்களும் 1959இல் தொடங்கினர். கூட்டுறவுப் பண்ணை முறையை அக்கட்சி எதிர்த்தது. சொத்துரிமையைப் பேணுவதும், தொழில்துறையில் உரிமம்–அனுமதி முறையை நீக்குவதும் அதன் அடிப்படைக் கோரிக்கைகளாகும். வங்கி நாட்டுடைமையை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்ற ஆர். சி. கூப்பர் இக்கட்சியைச் சார்ந்தவர். 1970 பிப்ரவரி 10இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஜனசங்கத்தின் முதன்மை நாட்டம் பண்பாட்டுத் தேசியமாகும். பசுப் பாதுகாப்பு, இந்தி, வலுவான நடுவண் ஆட்சி ஆகியவற்றை அது வலியுறுத்தியது. இந்தித் திணிப்பை 1950களின் இறுதியிலிருந்து எதிர்த்துவந்த இராசாசியின் கட்சியோடு மொழிக்கொள்கையில் அதற்கு ஒற்றுமை இல்லை. ஆகவே 'வலதுசாரி' என்ற ஒரே சொல்லின்கீழ், சந்தை உரிமையை நாடிய ஒரு கட்சியும் பண்பாட்டு ஒருமையை நாடிய மற்றொரு கட்சியும் இணைந்து நின்றன.

இவ்விணைப்பு புதியதன்று. 1967இல் எதிர்க்கட்சிகள், தலைமை நீதிபதிப் பதவியைத் துறந்து வந்த கோகா சுப்பாராவை ஆதரித்தன. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்க இயலாது என்ற கோலக்நாத் தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைவர் அவர். கொள்கையால் ஒன்றுபட இயலாத கட்சிகள், கட்சி சாராத அறிஞரைப் பொதுவேட்பாளராகத் தேடின என்பதை இவ்விரு தேர்தல்களும் காட்டுகின்றன.

பொருளாதாரத்தில் தேஷ்முக்

1943 முதல் 1949 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த தேஷ்முக், அப்பதவியை வகித்த முதல் இந்தியர். அவருடைய பதவிக்காலத்திலேயே, 1949 சனவரி 1 அன்று, அவ்வங்கி அரசுடைமையாயிற்று. திட்டக்குழுவின் அதிகாரத்தை ஏற்க மறுத்து 1950இல் ஜான் மத்தாய் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது, அவ்விடத்திற்கு வந்தவர் தேஷ்முக். அவரோ அத்திட்டக்குழுவின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர்.

அவர் நிதியமைச்சராக இருந்தபோதுதான் இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தின்மீது வரி விதிக்கும் சட்டம் 1953இல் நிறைவேறியது. இம்பீரியல் வங்கி 1955 சூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ஊரகக் கடன் நிலையை ஆராய்ந்த குழுவின் பரிந்துரையே இதற்கு அடிப்படை. 1956 சனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழில் அவசரச் சட்டத்தின்மூலம் அரசின் மேலாண்மைக்குக் கொண்டுவரப்பட்டது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் இதனால் அரசின்கீழ் வந்தன.

வங்கி நாட்டுடைமை பெரும் விவாதமான அதே கோடையில், சொத்துரிமைக் கட்சி முன்னிறுத்திய வேட்பாளர், காப்பீட்டை நாட்டுடைமையாக்கிய முன்னாள் நிதியமைச்சர் என்பது கருதத்தக்கது. பொருளாதாரக் கொள்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் தேஷ்முக்கை வலதுசாரி எனல் பொருந்தாது.

மாநில மறுசீரமைப்பும் பதவி விலகலும்

1956 சனவரியில் பம்பாய் நகரத்தை நடுவண் ஆட்சிப்பகுதியாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. மராட்டியத்தின் கொலாபா தொகுதி உறுப்பினரான தேஷ்முக் அதை எதிர்த்துப் பதவி விலக முன்வந்தார். அவ்வாண்டு சூலையில் அவர் விலகல் நிறைவுற்றது. நாடாளுமன்றத்தில் அளித்த விளக்கத்தில் அவர் மொழி உணர்வை மட்டும் முன்வைக்கவில்லை. அமைச்சரவையைக் கலந்து பேசாமல் முடிவு எடுக்கப்பட்டது என்பதும், பம்பாய்த் துப்பாக்கிச் சூடுகளுக்கு நீதி விசாரணை இல்லை என்பதும் அவருடைய முதன்மைக் குற்றச்சாட்டுகளாயிருந்தன.

இந்நிலைப்பாட்டைத் தென்னெல்லையிலிருந்து நோக்குவது பயனுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் டிலனாய் வலுப்படுத்திய வட்டக்கோட்டை, திருவிதாங்கூரின் தென்கிழக்கு எல்லையைக் காத்த கடற்கரைக் கோட்டையாகும். 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, அக்கோட்டை காத்த எல்லை மறைந்தது. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நெடும்போராட்டத்திற்குப் பயன் விளைந்த நாள் அது. அதே மறுசீரமைப்பில் மராட்டியரின் கோரிக்கை நிறைவேறவில்லை. இருமொழிப் பம்பாய் மாநிலமே அமைந்தது. மராட்டிய மாநிலம் 1960 மே 1 வரை காத்திருந்தது.

மொழிவாரி மாநிலத்திற்காகப் பதவி துறந்த ஒருவரை, மொழிவாரிப் பிரிவினையை ஐயுற்ற ஜனசங்கம் ஆதரித்தது. இங்கும் வேட்பாளரின் நிலைப்பாடும் ஆதரித்த கட்சியின் கொள்கையும் எதிரெதிரே நிற்கின்றன.

பொதுவாழ்வுத் தூய்மை

அமைச்சர்கள் உள்ளிட்ட பொதுவாழ்வினர் மீதான ஊழல் புகார்களை விசாரிக்க உயர்நிலைத் தீர்ப்பாயம் ஒன்று வேண்டும் என்று தேஷ்முக் 1959 வாக்கில் வலியுறுத்தினார். நேரு அதனை ஏற்கவில்லை. பின்னர், 1962இல் அமைந்த சந்தானம் குழுவின் பரிந்துரையால் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. ஆட்சியாளர் தம்மினும் மேலான விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே 1956, 1959 ஆகிய இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான கருத்தாகும். தேஷ்முக்கை 'மரபுபேணுநர்' எனக் கூறத்தக்க இடம் இதுவே.

வாக்கு எண்ணிக்கை காட்டும் உண்மை

ஆகஸ்ட் 16இல் தேர்தல் நடந்தது. முதல் விருப்ப வாக்குகளின் மதிப்பில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். யாரும் வெற்றிக்குரிய 4,18,169ஐ எட்டாததால் அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 பெற்றனர். மாற்றப்பட்ட வாக்குகளில் ரெட்டிக்கு 91,879, கிரிக்கு 18,562 சேர்ந்தன. சிறு வேட்பாளர்களின் வாக்குகளும் இதில் அடங்கும். எனினும், பெரும்பகுதி தேஷ்முக்கின் வாக்குகளே.

ரெட்டிக்கு இரண்டாம் விருப்பம் வேண்டி, காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா இவ்விரு கட்சித் தலைவர்களையும் சந்தித்தார். அதையே காரணம் காட்டி, இந்திரா காந்தி அணியினர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கும் உரிமையைக் கோரினர். இவ்வாறு தேஷ்முக்கின் வேட்பாண்மை, அவருடைய கொள்கைக்காக அன்றி, அவருடைய வாக்குகள் அடுத்து எங்குச் செல்லும் என்பதற்காகவே விவாதிக்கப்பட்டது. காங்கிரசு அவ்வாண்டு நவம்பரில் பிளவுண்டது.

முடிவுரை

1. தேஷ்முக்கின் பொருளாதார நிலைப்பாடு சுதந்திராக் கட்சியோடும், மாநில அமைப்பு குறித்த நிலைப்பாடு ஜனசங்கத்தோடும் முரண்பட்டது.

2. அவரிடம் காணப்படும் மரபுபேணல், அமைச்சரவைக் கூட்டுப்பொறுப்பு, நீதி விசாரணை, ஊழல் கண்காணிப்பு ஆகிய ஆட்சிநெறிகளைச் சார்ந்தது. சொத்தையோ சமயத்தையோ அது மையமாகக் கொள்ளவில்லை.

3. ஆதரித்த கட்சியைக் கொண்டு வேட்பாளரின் கொள்கையை வகைப்படுத்தும் முறை, குடியரசுத் தலைவர் தேர்தல்களைப் பொறுத்தவரை பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். வேட்பாளர் வகித்த பதவிகளும், அவர் துறந்த பதவிகளுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.

4. 1956 மறுசீரமைப்பை நாஞ்சில் நாட்டு இணைப்பின் வெற்றி வரலாறாக மட்டும் கற்பிக்காமல், அதே சட்டத்தால் கோரிக்கை மறுக்கப்பட்ட மராட்டியரின் வரலாற்றோடு ஒப்பிட்டு ஆராய்வது, மொழிவாரி மாநிலக் கொள்கையை முழுமையாக அறிய உதவும்.